ஒற்றையடிப் பாதையில் ஒரு சுற்று

மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் 'சிங்கிள் டிராக்' என்று சொல்வதற்கு நம்மிடம் எப்போதிருந்தோ ஒரு சொல் இருக்கிறது: ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். நான் நான்கு வருடமாக ஓட்டிவரும் பாதையும் அப்படித்தான். மொத்தம் 13 கிலோமீட்டர். முதல் 8 கிலோமீட்டர் ஓக் காட்டுக்குள் ஏறி இறங்கும். அப்புறம் 4 கிலோமீட்டர் பிரெய்ரி, அதாவது வட அமெரிக்காவின் நடுப்பகுதிக்கே உரிய அந்த உயர்ந்த புல்வெளி. கடைசியில் மறுபடி கொஞ்சம் மரநிழல், கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை, அதில் நீலச் சதுரம். பனிச்சறுக்குத் தடங்களிலிருந்து வந்த குறியீடு இது. பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். சர்வதேச மவுண்டன் பைக் சங்கமான இம்பா வகுத்த கணக்கின்படி, நீலச் சதுரப் பாதை குறைந்தது 24 அங்குல அகலம் இருக்க வேண்டும். சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். சுற்றிப் போக வழியில்லாமல் தாண்டியே ஆக வேண்டிய தடை எதுவும் 8 அங்குல உயரத்தைத் தாண்டக் கூடாது. என் சைக்கிளின் ஹேண்டிலே 30 அங்குலம். பாதையைவிட ஹேண்டில் அகலம் என்பதை முதல் நாள் இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே நுழையும்போது முழங்கையில் உணர்ந்தேன்.

8 அங்குலம் என்று படித்தால் சின்னதாகத் தெரியும். ஈரமான ஓக் வேர் ஒன்று ஏற்றத்தில் சாய்வாகக் குறுக்கே கிடந்தால் அந்த 8 அங்குலம் வேறு மாதிரி.

மூன்றாவது கிலோமீட்டரில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. நான் அதை வேர்ப்படி என்று சொல்லிக்கொள்வேன். ஏறுமுகமான சரிவில் ஏழு வேர்கள், ஒன்றுக்கொன்று ஒரு சக்கர நீளம்கூட இடைவெளி இல்லாமல். மேல்பட்டை உரிந்து, டயர் பட்டுப் பட்டு வழவழப்பாகி, பழைய வீட்டு வாசற்படி மாதிரி பளபளக்கும். இரண்டாவது வேர் மட்டும் மற்றவற்றைப் போல நேர்குறுக்காகக் கிடக்காமல் கோணலாகப் போகும். அதில்தான் எல்லாரும் கால் ஊன்றுவார்கள். கோணலான வேரில் சக்கரம் ஏறாது, வேரோடு சேர்ந்து பக்கவாட்டில் வழுக்கிப் போகும். அதனால் அதற்கு முன்பே வண்டியைப் பாதையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், வேரை எவ்வளவு செங்குத்தாக வெட்ட முடியுமோ அவ்வளவு செங்குத்தாக வெட்டிப் போக வேண்டும். பெடல் கீழே இருக்கும் நேரத்தில் வேர் வந்தால் பெடல் இடிக்கும். ஆகவே முழுச் சுற்று மிதிக்காமல், அரைச் சுற்று மிதித்து, கொஞ்சம் பின்னால் சுற்றி, மறுபடி அரைச் சுற்று. உட்காரும் இடம் சீட்டின் நுனி. நெஞ்சு ஹேண்டிலை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். ரொம்பப் பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும், ரொம்ப முன்னால் போனால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து சும்மா சுற்றும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுக் கோடைக்காலம் ஆனது.

ஏழு வேரையும் கால் ஊன்றாமல் தாண்டிய நாளில் மேலே போய் நின்று மூச்சு வாங்கினேன். காட்டில் யாரும் இல்லை. மரங்கொத்தி ஒன்று எங்கோ தட்டிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தின் மகிழ்ச்சியை இன்னும் என்னால் அப்படியே எடுத்துப் பார்க்க முடிகிறது.

இறக்கம் வேறு பாடம். சீட்டைக் கட்டைவிரல் லீவரால் ஓட்டிக்கொண்டே கீழே இறக்கிவிட வேண்டும். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, குதிகால் தாழ்ந்து, முழங்கை இரண்டும் வெளியே விரிந்து இருக்க வேண்டும். வண்டி நமக்குக் கீழே தன்பாட்டுக்குக் குதிக்கட்டும், உடம்பு மட்டும் அமைதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுவது நல்லது. டயருக்கு மண்ணோடு இருக்கிற பிடி ஓர் அளவுதான். அதை நிற்பதற்கும் திரும்புவதற்கும் ஒரே நேரத்தில் கேட்டால் ஏதாவது ஒன்றைத்தான் கொடுக்கும். வேரின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விடக் கண்தான் முக்கியம். எந்த மரத்தில் இடித்துவிடுவோமோ என்று பயந்து பார்க்கிறோமோ அதே மரத்துக்குத்தான் வண்டி போகும். முன்சக்கரத்தைப் பார்க்காமல் அடுத்த வளைவின் முடிவைப் பார்த்தால், நடுவில் இருக்கிற கல்லையும் வேரையும் கை கால்களே பார்த்துக்கொள்ளும். இதைச் சொல்லிக்கொடுத்துப் புரியவைப்பது கஷ்டம். ஒருநாள் திடீரென்று நடக்கும்.

காட்டுக்குள்ளே இவ்வளவு கவனம் கேட்கிற பாதை, எட்டாவது கிலோமீட்டரில் சட்டென்று கையை விரித்துவிடும். ஓரத்தில் பர் ஓக் மரங்கள் நாலைந்து, ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நிற்கும். அவற்றின் தடித்த, பிளவுபட்ட பட்டை புல்வெளித் தீயைத் தாங்குவதற்காகவே ஆனது. மற்ற மரங்கள் எரிந்துபோன இடத்தில் இவை மட்டும் எல்லைக்கல் மாதிரி நின்றுவிட்டன. அவற்றைக் கடந்ததும் மேலே கூரை இல்லை. வானம் முழுசாக இறங்கி வந்துவிடும், கூடவே காற்றும்.

ஜூன் மாதத்தில் புல் முழங்கால் உயரம். செப்டம்பரில் அது ஹேண்டிலைத் தாண்டி, என் ஹெல்மெட்டைத் தாண்டி நிற்கும். பிக் புளூஸ்டெம் என்ற புல்தான் இங்கே ராஜா. 2 மீட்டருக்கு மேல் வளரும். அதன் கதிர் உச்சியில் பெரும்பாலும் மூன்றாகப் பிரிந்து வான்கோழியின் கால்விரல் போல இருக்கும். ஒரு தடவை டயரில் காற்று சரிபார்க்க இறங்கியபோது ஒரு தண்டை விரலால் பிடித்துப் பார்த்தேன். கணுவுக்குக் கணு பச்சையும் ஊதாவும் செம்பும் மாறி மாறி வந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பழுப்பு நிறமாகத் தெரிகிற வெளியில் ஒவ்வொரு தண்டும் இப்படி ஒரு வண்ணக்கோல். அதன் வேர் மண்ணுக்குள் 3 மீட்டர்கூட இறங்கும். நாம் புல்வெளி என்று பார்ப்பது மேல்மாடியைத்தான். பெரும்பகுதி வீடு கீழே இருக்கிறது.

கம்பாஸ் பிளான்ட் என்று ஒரு செடியும் உண்டு. சூரியகாந்தி மாதிரி மஞ்சள் பூ. அதன் அடி இலைகள் தட்டையான பக்கத்தைக் கிழக்கு மேற்காகக் காட்டி, விளிம்பை வடக்கு தெற்காக வைத்து நிற்கும். புல் உயர்ந்து வழி தெரியாத வளைவுகளில் நான் அதைப் பார்த்துத் திசை சொல்லிக்கொண்டதுண்டு. சுற்றுப்பாதையில் திசை தேவையே இல்லைதான். ஆனாலும் ஒரு செடி அப்படி நிற்கும்போது பார்க்காமல் போக மனசு வராது.

முதல் இரண்டு வருடம் இந்த 4 கிலோமீட்டரை நான் ஓய்வாகவே நினைத்தேன். ஏற்றம் இல்லை, வேர் இல்லை, கல் இல்லை. மெல்லிய மேடுகள் அலை மாதிரி வரும். காற்று முதுகில் அடித்தால் வண்டி தானாகப் பறக்கும், முகத்தில் அடித்தால் கியரைக் குறைத்துக் குனிந்து மிதித்தால் போதும். நீலச் சதுரம் காட்டுக்காகப் போட்டது, புல்வெளி சும்மா கூட வந்த பச்சை வட்டம் என்பதுதான் என் கணக்கு. அது தவறு என்று எனக்குக் காட்டியது என் சொந்த டயர்த் தடம்.

மார்ச் மாதம், பனிக்காலம் முடியும் நேரம். பல வாரம் கழித்து வெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 10 மணிக்குக் கிளம்பினேன். காட்டுக்குள் இலைச்சருகு மூடிய மண் கெட்டியாக, நிழலில் இன்னும் உறைந்தே இருந்தது. ஓட்ட அருமையாக இருந்தது. பர் ஓக் மரங்களைத் தாண்டிப் புல்வெளிக்குள் நுழைந்ததும் டயர் சத்தம் மாறியது. சரசரவென்று வந்த சத்தம் போய் 'சப் சப்' என்று கேட்டது. மேலே ஒரு விரல்கடை மண் இளகியிருக்கிறது, அதற்குக் கீழே இன்னும் பனிக்கட்டியாக உறைந்த மண். மேலே உருகிய தண்ணீருக்கு உள்ளே இறங்க வழியில்லை. அப்படியே கூழாகி நிற்கும். விடியற்காலையில் வந்திருந்தால் முழுக்க உறைந்திருக்கும், தடமே பதியாது. நான் வந்ததோ வெயில் ஏறிய பிறகு.

டயரில் மண் அப்பத் தொடங்கினால் திரும்பிவிட வேண்டும் என்பது எல்லாரும் சொல்கிற விதி. எனக்கும் தெரியும். ஆனால் வந்த வழியே திரும்பினால் 8 கிலோமீட்டர், முன்னால் போனால் 5. முன்னால் போனேன். ஒரு பள்ளமான இடத்தில் சக்கரம் இரண்டு அங்குலம் இறங்கியது. இறங்கி நடக்காமல் கியரைக் குறைத்து அழுத்தி மிதித்துக் கடந்தேன். 60 மீட்டர் இருக்கும். வண்டி இரண்டு மடங்கு கனமாகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் கழுவியதோடு மறந்தும்விட்டேன்.

மே மாதம் அதே இடத்தில் நின்றேன். பிரெய்ரி மண் கறுப்பு. ஈரத்தில் குழைந்து ஒட்டும், காய்ந்தால் சுட்ட ஓடு மாதிரி இறுகிவிடும். என் தடம் அப்படியே இறுகிப்போயிருந்தது. குனிந்து பார்த்தால் பின்டயரின் குமிழ்கள் ஒவ்வொன்றும் அச்சு வைத்த மாதிரி தெரிந்தன. அந்தப் பள்ளத்தில் சக்கரம் மாட்டினால் விழ வேண்டியதுதான். அதனால் எனக்குப் பின்னால் வந்தவர்கள் அதைத் தவிர்க்க இடது பக்கப் புல்மேல் ஓட்டியிருக்கிறார்கள். சிலர் வலது பக்கம். இரண்டடிப் பாதை ஆறடி ஆகியிருந்தது. நடுவில் என் தடம், இரண்டு பக்கமும் நசுங்கிய புல். ஒற்றையடிப் பாதை என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

நசுங்கியது என்ன என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர் இந்த உயர்புல்வெளி இருந்தது. இன்று 4 சதவீதம்கூட மிச்சமில்லை. இதன் மண் அவ்வளவு வளமானது, அதுவே அதற்கு வினையானது. மரக்கலப்பையிலும் வார்ப்பிரும்புக் கலப்பையிலும் இந்தப் பிசுபிசுப்பான மண் ஒட்டிக்கொண்டு உழவிடாது. 1837-இல் இலினாய்ஸில் ஜான் டீர் என்ற கொல்லர் வழுவழுப்பான எஃகுக் கலப்பை செய்தார், மண் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அதற்குப் பிறகு புல்வெளி வயலாக மாற அதிக காலம் ஆகவில்லை. கான்சாஸில் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதி தப்பியதற்குக் காரணம் அங்கே மேல்மண்ணுக்கு அடியிலேயே பாறை, கலப்பை இறங்காது. நான் ஓட்டும் இந்தச் சின்ன வெளியைத் திட்டமிட்டுத் தீ வைத்து, விதை தூவி, வருடக்கணக்கில் பேணி வருகிறார்கள். புல்லின் வளரும் முனை மண்ணுக்குள் இருப்பதால் தீ அதைக் கொல்லாது. உள்ளே நுழையப் பார்க்கும் மரக்கன்றுகளைத்தான் எரிக்கும். தீயைத் தாங்கும் அந்தப் புல், இளகிய மண்ணில் திரும்பத் திரும்ப ஏறும் டயரைத் தாங்குவதில்லை.

ஜூன் மாதம் பாதையைப் பராமரிக்கும் தன்னார்வலர் குழுவோடு போய்ச் சேர்ந்தேன். அந்தத் தடம் என்னுடையது என்று குழுவை நடத்திய அம்மாவிடம் சொன்னேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. கோபப்படவில்லை. "அப்படியானால் எங்கே தோண்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும், வாருங்கள்" என்று ஒரு கருவியைக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் பற்கள் வைத்த வாரி, மறுபக்கம் அகலமான மண்வெட்டித் தகடு. மக்லௌட் என்று அதற்குப் பெயர்.

அன்று நான் கற்றது நான்கு வருடம் ஓட்டிக் கற்றதைவிட அதிகம் என்றால் மிகையில்லை. பாதை போடுவதில் முதல் கேள்வி தண்ணீர் எங்கே போகும் என்பதுதானாம். சரிவின் குறுக்கே பாதை போக வேண்டும், சரிவோடு சேர்ந்து இறங்கக் கூடாது. அதற்குப் பாதி விதி என்று ஒன்று: பாதையின் ஏற்றம், அது கிடக்கும் சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. மலைச்சரிவு 20 சதவீதம் என்றால் பாதை அதிகபட்சம் 10. தாண்டினால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையிலேயே ஓடி அதை ஓடையாக்கிவிடும். பாதையின் மேற்பரப்பையும் கீழ்ப்பக்கமாக 5 சதவீதம் சாய்த்து வைப்பார்கள். அதற்கு மேலும், ஏறிக்கொண்டே போகும் பாதையை இடையிடையே ஒரு மூன்று மீட்டர் தூரத்துக்கு லேசாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்றுவார்கள். ஓடிவரும் தண்ணீர் அந்தக் குழிவில் தடுக்கி வெளியே போய்விடும்.

காட்டுக்குள் நான் குதித்து விளையாடிய அத்தனை மேடு பள்ளமும் இதுதான்! யாரோ சைக்கிள்காரர்களின் குஷிக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றும் தண்ணீருக்கு விட்ட வழி.

அப்போதுதான் புல்வெளியின் கஷ்டம் புரிந்தது. அங்கே சரிவே 4 சதவீதம், 6 சதவீதம். பாதி விதிப்படி பாதைக்குக் கிடைப்பது 2 அல்லது 3. தண்ணீரை எங்கே அனுப்புவது? அனுப்ப இடமே இல்லாத சமதரையில், ஒட்டுகிற கறுப்பு மண்ணில் ஒரு பாதையை வைத்துக் காப்பாற்றுவது, வேர்ப்படி இருக்கும் மேட்டைவிடப் பல மடங்கு கடினம். ஓட்டுவதற்கு எளிதாகத் தெரிந்த இடம்தான் இருப்பதற்குச் சிரமப்படும் இடம்.

நாலு பேர் சேர்ந்து அரை நாள் வேலை செய்தோம், 60 மீட்டருக்கு. இறுகிய விளிம்புகளை வாரிப் பல்லால் உடைத்து, பள்ளத்தை நிரப்பி, தகட்டால் தட்டி, கொஞ்சமே கிடைத்த சாய்வை நம்பிக் கீழ்ப்பக்கம் சரித்தோம். தாழ்வான இடத்தில் ஒரு குழிவு வெட்டி அதன் வாயை அகலமாகத் திறந்துவிட்டோம். நசுங்கிய இரண்டு ஓரத்திலும் காட்டிலிருந்து காய்ந்த கிளைகளைக் கொண்டுவந்து போட்டோம், யாரும் அந்தப் பக்கம் ஓட்டாமல் இருக்க. இலையுதிர்காலத்தின் முடிவில் விதை போடுவோம், குளிரும் பனியும் பட்டால்தான் பல விதைகள் வசந்தத்தில் முளைக்கும் என்றார் அந்த அம்மா. 60 மீட்டரை நான் கெடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அதைத்தான் அன்று முழுக்கக் கை வலிக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த விளையாட்டின் வரலாறும் அன்றிலிருந்து எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ரீபேக் என்ற இறக்கத்தில் முதல் பந்தயம் நடந்தது. பழைய கனத்த சைக்கிள்கள், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை கீழே இறங்கினால் அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். திறந்து மறுபடி நிரப்ப வேண்டும். அதிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. எல்லாரும் இந்தக் கதையைப் பிரியமாகச் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் அடுத்த பத்து வருடத்தில் சைக்கிள் ஒற்றையடிப் பாதைகளுக்குள் பரவியபோது நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் எதிர்த்தார்கள், பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அதை எதிர்கொள்ளத்தான் 1988-இல் இம்பா உருவானது. கால்நடையாக வருபவருக்கும் குதிரைக்கும் வழிவிடு, இறங்குபவர் ஏறுபவருக்கு ஒதுங்கு, ஈரப் பாதையில் ஓட்டாதே என்ற விதிகளை வலியுறுத்தியவர்கள் அவர்கள். முன்பு எனக்கு அவை பலகையில் எழுதிய வாசகங்கள். இப்போது என் 60 மீட்டர் நினைவுக்கு வரும்.

மழை பெய்த மறுநாள் இப்போதெல்லாம் நான் போவதில்லை. இரண்டு நாள் விடுவேன். அப்புறமும் புல்வெளியின் முகப்பில் இறங்கி, கட்டைவிரலால் பாதையை அழுத்திப் பார்ப்பேன். ரேகை பதிந்தால் வந்த வழியே திரும்பி 8 கிலோமீட்டர் காட்டுப் பாதை. வேர்ப்படியை இறங்கு திசையில் கடப்பதும் ஒரு பயிற்சிதான். ஏறி வருபவர் இருந்தால் ஓரமாக நின்று வழிவிடுகிறேன். புல் உயர்ந்த மாதங்களில், எதிரே வருபவர் தெரியாத வளைவுகளில் மணி அடிக்கிறேன். தரையிலும் தரையை ஒட்டியும் கூடு கட்டும் பறவைகள் அங்கே பல உண்டு என்பதால் எங்கே நிற்க வேண்டியிருந்தாலும் பாதைக்குள்ளேயே நிற்கிறேன்.

அக்டோபரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள், ஐந்தாம் நாள் பொறுத்தேன். ஆறாம் நாள் மாலை போனேன். கட்டைவிரல் பதியவில்லை. வெயில் சாய்ந்து, பிக் புளூஸ்டெம் முழுக்கச் செம்பு நிறமாகியிருந்தது. கிளைகள் போட்ட ஓரங்களில் யாரும் ஓட்டவில்லை. நாங்கள் வெட்டிய குழிவுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் குனிந்தேன். பாதையின் நடுவில் ஒரு சருகுகூட இல்லை. புல் உமியும் ஓக் இலைகளும் எல்லாம் குழிவின் திறந்த வாய்க்கு வெளியே, தண்ணீர் போன திசையில், மெல்லிய வளைகோடாக ஒதுங்கிக் கிடந்தன. சீட்டை இறக்கி, இரண்டு பெடலையும் சமமாக வைத்து, அதன் மேல் ஓட்டிப் போனேன். சரசரவென்று சத்தம் கேட்டது.